பொங்கல் சீரில் ஒரு தொட்டித் தோட்டம்

நோயுற்றோருக்கும் சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பியோருக்கும் செடி அளிக்க விரும்புவோர் அறிய வேண்டியவை

தை பிறக்கப் போகிறது. பண்டிகை நாட்கள் நெருங்க நெருங்க, நம் மருத்துவமனையின் பார்வையாளர் நேரத்தில் வருவோரின் கைப்பைகளும் கனக்கின்றன. ஆப்பிள், ஆரஞ்சு, இளநீர், ரொட்டிப் பொட்டலங்கள், சத்துமாவுப் புட்டிகள் ஆகியவை அன்பின் அடையாளமாகக் கட்டிலருகே அடுக்கப்படுகின்றன. ஆயினும் அவற்றுள் பல, பெறுபவர் உண்ணத் தகாதவை. நீரிழிவு உடையவருக்கு இனிப்பும் சத்துமாவும் ஆகா. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஆரஞ்சும் இளநீரும் பொட்டாசியத்தை மிகுவிக்கும். கொடுத்தவர் மனம் நிறைகிறது; பெற்றவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உண்ணும் பொருளுக்கு மாற்றாக, மண் நிரப்பிய ஒரு சிறு தொட்டியில் வளரும் செடியை அளிக்கலாமே என்று குடும்பத்தினர் பலர் எண்ணுகின்றனர். நல்ல எண்ணம். வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் வாடகை வீடுகளிலும் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் வாழ்வோருக்கு நிலம் இல்லை; சன்னலோரமும் மாடிப்படியும் உண்டு. வீடு மாறும்போது தொட்டியும் உடன் வரும். ஆனால் செடியும் மருந்தைப் போன்றதே: யாருக்கு, எது, எவ்வளவு என்று பார்த்துக் கொடுத்தால் நன்மை, பாராமல் கொடுத்தால் தீங்கு. அதனைப் பார்த்துக் கொடுக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபில் உள்ள தொட்டித் தோட்டம்

தொட்டியில் செடி வளர்த்துப் பிறர்க்கு அளிப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. அம்மன் திருவிழாக்களில் பெண்கள் சுமந்து செல்லும் முளைப்பாரி, ஒரு கலத்துக்குள் வளர்க்கப்பட்ட தோட்டமே. எருவும் மண்ணும் இட்டு, நவதானியம் விதைத்து, வெயில் படாத இடத்தில் நாள்தோறும் நீர் தெளித்து வளர்த்த பின்னரே அது ஊர்வலத்துக்கு வரும். திருமணங்களில் பாலிகை தெளிப்பதும் இவ்வகையினதே. முளைப்பாரி செழித்தால் ஊர் செழிக்கும் என்ற நம்பிக்கைக்குள் ஒரு நடைமுறை அறிவும் இருந்தது: விதை நல்லதா, அடுத்த விதைப்புக்கு ஆகுமா என்று பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு அது.

பொங்கல் சீரில் கரும்போடும் புதுப்பானையோடும் வைக்கப்படும் மஞ்சள் கொத்தும் ஒரு செடிதான். இலையும் தண்டும் கிழங்குமாக முழுச் செடியாகவே அது தங்கையின் வீட்டுக்குச் செல்கிறது. பானையின் கழுத்தில் கட்டப்படும் அச்செடி, பொங்கல் முடிந்ததும் பெரும்பாலும் குப்பைக்குப் போகிறது. அதன் கிழங்கை மீண்டும் நட முடியும். அம்முறையை இறுதியில் காண்போம்.

அண்மைக் காலத்தில் திருமணத் தாம்பூலப் பையிலும் விழா மேடைகளிலும் மரக்கன்று அளிக்கும் வழக்கம் பரவியுள்ளது. நோக்கம் சிறந்தது, எனினும் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் வேப்பங்கன்றை எங்கே நடுவார்? பையிலேயே வேர் சுருண்டு அது வாடும். நோயுற்றவரின் கண்முன் ஒரு செடி வாடுவது வேதனையானது. பெறுபவரின் இடத்துக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற செடியையே அளிக்க வேண்டும்.

செடி உண்மையில் என்ன செய்கிறது?

1976-ஆம் ஆண்டு எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியல் அறிஞர்கள் இருவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு தளத்தில் இருந்த முதியோரிடம், தம் அன்றாட வாழ்வின் சிறு முடிவுகளைத் தாமே எடுக்கலாம் என்று கூறி, விரும்பினால் ஒரு செடியைத் தேர்ந்து அதைத் தாமே பராமரிக்கலாம் என்றும் சொன்னார்கள். மற்றொரு தளத்தில் இருந்தோருக்கும் செடி தரப்பட்டது. ஆனால் அதற்குச் செவிலியர் நீர் ஊற்றுவர் என்று கூறப்பட்டது. மூன்று வாரங்களுக்குப் பின்னர், பொறுப்பு ஏற்றவர்கள் மற்றவர்களைவிட விழிப்போடும் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தனர். இரு தளத்தாருக்கும் செடி இருந்தது. பிறர் நீர் ஊற்றிய செடியைவிடத் தாமே நீர் ஊற்றிய செடி பயன் தந்தது எனலாம். ஆயினும் அம்முதியோருக்கு வேறு சில தேர்வுரிமைகளும் சேர்த்தே வழங்கப்பட்டன என்பதால், பயன் முழுவதையும் செடிக்கே உரியதாக்குவது சரியன்று.

நோயாளியின் நாளை எண்ணிப் பாருங்கள். பிறர் குளிப்பாட்டுகின்றனர்; பிறர் மருந்து எடுத்துத் தருகின்றனர்; எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்பதையும் பிறரே கூறுகின்றனர். நேற்றுவரை ஒரு குடும்பத்தைத் தாங்கியவர் இன்று முற்றிலும் பராமரிக்கப்படுபவராக ஆகிவிடுகிறார். இந்நிலையில், தம்மை நம்பியிருக்கும் ஓர் உயிர்க்கு நாள்தோறும் ஒரு குவளை நீர் ஊற்றுவது அவரை மீண்டும் பராமரிப்பவராக ஆக்குகிறது. ஆகவே செடியை அளித்துவிட்டு அதன் வேலைகளை எல்லாம் நாமே செய்தல் கூடாது. அவரால் இயன்ற அளவு அவரே செய்யட்டும்.

1984-ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிக் என்பவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், எனினும் பசுமையைப் பார்த்திருப்பதும் ஓர் ஆறுதலே என்பதை அது காட்டுகிறது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே நீக்க வேண்டும். வள்ளூரில் 1500 மெகாவாட் திறனுடைய அனல்மின் நிலையம் இயங்குகிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. சாலைகளில் கனரக வண்டிகள் ஓயாது ஓடுகின்றன. இப்பகுதியில் மூச்சிரைப்பு உள்ளவருக்குக் 'காற்றைத் தூய்மையாக்கும் செடி' என்று கூறி விற்கப்படுவனவற்றை வாங்கித் தருவோர் உண்டு. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஆய்வே இந்நம்பிக்கையின் வேர்; அது அடைக்கப்பட்ட சிறு கூண்டுகளில் நடத்தப்பட்டது. காற்றோட்டமுள்ள அறையில் உள்ள வேதி ஆவிகளைச் செடிகளால் மட்டும் நீக்க வேண்டுமாயின், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுரை கணக்கிட்டது. எனவே தொட்டிச் செடியை நம்பி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். செடி மனத்துக்குத் துணை. மூச்சுக்கு மருந்தே துணை.

யாருக்கு எது ஆகும், எது ஆகாது?

முதலில் ஒரு பொது விதி: மண்ணுள்ள தொட்டியை மருத்துவமனைக்குள் கொண்டு வராதீர்கள். ஈரமண்ணில் பூஞ்சை வித்துகளும் பாக்டீரியாக்களும் இயல்பாகவே வாழ்கின்றன. உடல்நலம் உள்ளோரை அவை பெரும்பாலும் தாக்குவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போருக்கு அவை உயிர்க்கேடு ஆகலாம். அன்பளிப்பை வீட்டில் வைத்திருங்கள். இல்லம் திரும்பும் நாளில் வாயிலில் அவரை வரவேற்கட்டும்.

*புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர்:* இவர்களின் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை இவர்களின் நுரையீரலைத் தாக்கக்கூடும். மண் தொட்டி இப்போது வேண்டா. சிகிச்சை முடிந்து, மருத்துவர் இசைவு தந்த பின்னர் அளிக்கலாம். அதுவரை தாழ்வாரத்திலோ பலகணியிலோ குடும்பத்தினர் வளர்க்கும் செடியை அவர் சன்னலுக்கு அப்பாலிருந்து பார்த்து மகிழட்டும்.

*நீரிழிவு உடையோர்:* தாராளமாக அளிக்கலாம்; ஆனால் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் மண்ணைத் தொடலாகாது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் பாக்டீரியா தென்னிந்திய மண்ணிலும் நீரிலும் உள்ளது; கீறல் வழியே அது உடலுக்குள் புகும். மழைக்காலத்தில் அதன் பரவல் மிகும். நீரிழிவு உடையோரை அது எளிதில் பற்றும். ஆகவே தொட்டியோடு ஒரு சோடி ரப்பர் கையுறையும் சேர்த்தே அளியுங்கள். புண் ஆறும் வரை மண் வேலை வேண்டா.

*சிறுநீரக நோயாளிகள்:* கீரைகளில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கீரைத் தொட்டி அளித்தால், தாம் வளர்த்ததை உண்ண வேண்டும் என்ற ஆவலையும் சேர்த்து அளிக்கிறோம். இவர்களுக்குப் பூச்செடியோ மணச்செடியோ ஏற்றது. கீரை உண்பது பற்றி உணவியல் வல்லுநரைக் கேட்டே முடிவு செய்க.

*இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற மருந்துகள் உட்கொள்வோர்:* கீரையில் உள்ள வைட்டமின் கே இம்மருந்துகளின் ஆற்றலைக் குறைக்கும். கீரையை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறு வாரம் இல்லாமலும் உண்பதே தீங்கு. தொட்டி ஒரே நாளில் விளைந்துவிட்டால் குடும்பம் முழுவதும் பகிர்ந்து உண்க.

*இதய, வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்:* எடையே இங்குச் சிக்கல். பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்று ஈரமண்ணோடு ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். ஆறு அங்குலத் தொட்டி இரண்டு கிலோ அளவில் நிற்கும். சிறியதையே அளித்து, குனியாமல் எட்டும் உயரத்தில், ஒரு முக்காலியின் மேல் வைத்துக் கொடுங்கள். இடம் மாற்றும் வேலை பிறருடையது.

*கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்:* கண் மருத்துவர் கூறும் நாள் வரை மண்ணைக் கிளறுதலும் தூசியும் கூடா. நீர் ஊற்றலாம்.

*மூச்சிரைப்பு உடையோர்:* கடுமணம் வீசும் பூக்களைத் தவிர்க்க. தொட்டியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்க. எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் பூஞ்சை பூக்கும்.

வீட்டிலேயே செய்யும் முறை

*கலம்.* போகியன்று பழையன கழிக்கிறோம். நெகிழியையும் ரப்பரையும் எரிக்கும் புகை நுரையீரல் நோயாளிகளுக்குப் பெருந்துன்பம். 2018-ஆம் ஆண்டு போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. கழிக்க எடுத்து வைத்த பொருள்களுள் சமையல் எண்ணெய்த் தகரம், ஊறுகாய் வாளி, அரிசிச் சாக்கு ஆகியவற்றை எரிக்காமல் தொட்டியாக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலைகளிலிருந்து பழைய விலைக்கு வரும் வேதிப்பொருள் கேன்களும் பீப்பாய்களும் வண்ணப்பூச்சு டப்பாக்களும் எவ்வளவு கழுவினாலும் கீரை வளர்க்கத் தக்கவை அல்ல. முன்பு உணவுப்பொருள் இருந்த கலத்தையே தேர்ந்தெடுங்கள். அடியில் விரலளவு துளைகள் நான்கைந்து இட்டு, அவற்றின்மேல் ஓட்டுச் சில்லுகளை வைக்கவும்.

*மண்.* செம்மண், ஊற வைத்துக் கழுவிய தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்தால் போதும். நார்க்கழிவைக் கழுவுவது அதிலுள்ள உப்பு நீங்குவதற்காக. உரப்பையைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, சிறிது நீர் தெளித்துத் தூசி அடங்கிய பின் கலக்கவும். முகக்கவசம் அணிவது நன்று. அனல்மின் நிலையச் சாம்பலை மண்ணோடு கலக்கும் பழக்கம் வேண்டா. ஈயம், ஆர்சனிக் முதலிய உலோகங்கள் அதில் சிறு அளவில் இருக்கக்கூடும். ஆற்றங்கரையிலும் கழிமுக ஓரத்திலும் வெள்ளம் தேங்கிய இடத்திலும் மண் எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதை நாம் மறந்திருக்க முடியாது. உண்ணும் செடிக்கு இடும் மண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

*நீர்.* மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவு செய்துவரும் உண்மை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பானால் இலையின் விளிம்பு தீய்ந்தாற்போல் காயும். தொட்டியின் மேல்மண்ணில் வெள்ளைப் படிவு தோன்றும். மழைநீரைச் சேமித்து ஊற்றலாம். அரிசி கழுவிய நீரும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரும் ஏற்றவை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழிக்கும் நீரில் உப்பு செறிந்திருக்கும், அதை ஊற்றாதீர்கள். உப்பு நீரே கிடைக்கும் எனில், மாதம் ஒருமுறை நல்ல நீரை அடித்துளை வழியே வழிந்தோடும்படி நிறைய ஊற்றி மண்ணைக் கழுவ வேண்டும். அத்தகைய வீட்டுக்குப் பருப்புக்கீரை, பத்துமணிப் பூ போன்ற உப்பைத் தாங்கும் செடிகளே உகந்தவை.

*விதைக்கும் நாள்.* அறுவடைக்கு முதிர்ந்த தொட்டியை அளிப்பதைவிட, இன்னும் ஒரு வாரத்தில் முதிரும் தொட்டியை அளிப்பது சிறப்பு. முதல் கைப்பிடி கீரையை அறுக்கும் மகிழ்ச்சி பெறுபவருக்கே உரியதாகட்டும். அதற்கேற்ப நாளைக் கணக்கிடுவோம்:

– புதினா: கார்த்திகை இறுதியில். சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே தடித்த தண்டுகளைத் தேர்ந்து, கீழ் இலைகளைக் கிள்ளி, கணு ஒன்று மண்ணுக்குள் இருக்குமாறு நடுக. சிறிது நிழல் வேண்டும். இது படர்ந்து பிறவற்றை நெருக்கும். ஆகவே தனித் தொட்டி தருக.

– கற்பூரவல்லி: கார்த்திகை இறுதியில். விரல் நீளத் தண்டை ஒடித்து நட்டால் போதும். அடிக்கடி நீர் கேளாது. மறதி மிக்கவருக்கும் பொருந்தும். இலையைத் தொட்டாலே மணக்கும் என்பதால் பார்வை குன்றியோருக்கு ஏற்ற அன்பளிப்பு.

– கொத்தமல்லி: மார்கழி முதல் நாளில். விதையை இரண்டாக உடைத்து ஓர் இரவு ஊறவைத்து விதைக்க. முளைக்கப் பத்து நாள் ஆகலாம், பொறுமை வேண்டும். 40 நாளில் பறிக்கலாம்.

– சிறுகீரை: மார்கழி 10 அளவில். நுண்விதை ஆதலால் மணலோடு கலந்து தூவி, மெல்லிய மண்போர்வை இடுக. 25 முதல் 30 நாளில் தயாராகும்.

– வெந்தயக்கீரை: மார்கழி 15 அளவில். அஞ்சறைப் பெட்டியில் உள்ள வெந்தயமே விதை. சில நாளில் முளைக்கும். 25 நாளுக்குள் பறிக்கலாம். ஆழமில்லாத தட்டும் போதும்.

மார்கழியின் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை எஞ்சியிருக்கலாம். விதைத்த தொட்டியை நேரடி மழை படாமல், வெளிச்சம் படும் இடத்தில் வைக்கவும். ஒரே தொட்டியில் இரண்டு செடிகளைச் சேர்ப்பதானால், ஒரே அளவு நீர் கேட்பவற்றையே சேர்க்க வேண்டும். வெந்தயமும் கொத்தமல்லியும் ஒத்துவாழும். கற்பூரவல்லியும் கீரையும் ஒத்துவாழா. நம் பகுதியின் சாலைப் புழுதியும் தொழிற்சாலைத் தூசியும் இலைமேல் படியும். வாரம் இருமுறை இலைகளை நீரால் நனைத்துக் கழுவுவதும், பறித்த கீரையை மூன்று நீரில் அலசுவதும் தவறாமல் நடைபெற வேண்டும்.

விதையும் பையும் தேடி அலைய இயலாதோர் மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தை அணுகலாம். 2013–14-ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய நகர்ப்புறத் தோட்டத் திட்டத்தின் வழியே, வளர்ப்புப் பைகளும் நார்க்கழிவுக் கட்டிகளும் விதைகளும் அடங்கிய தளைகளைத் தமிழக அரசு மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. 2021-இல் மாடித் தோட்டத் தளைகள் வழங்கும் புதிய திட்டமும் அறிமுகமாயிற்று. நடப்பில் உள்ள விலையையும் இருப்பையும் அலுவலகத்தில் கேட்டறிக.

அழகிய நஞ்சுகள்

நாற்றங்காலில் கண்ணைக் கவரும் செடிகள் சில, வீட்டுக்குள் வரத் தகாதவை. குழந்தைகளும் நினைவாற்றல் குன்றிய முதியோரும் உள்ள வீட்டில் இவற்றை அளிக்க வேண்டா:

– அரளியும் மஞ்சள் அரளியும்: இதயத் துடிப்பையே நிறுத்தவல்ல நஞ்சு கொண்டவை.

– அடீனியம் என்னும் பாலைவன ரோஜா: குடத்தண்டும் செந்நிறப் பூவும் கவரும், அரளியின் உறவுச் செடி, நஞ்சும் அவ்வகையினதே.

– செங்காந்தள்: நம் மாநில மலர். இதன் கிழங்கில் உள்ள கொல்சிசின் உயிரைப் போக்கும். உண்ணும் கிழங்கென்று மயங்கி உண்டோர் இறந்ததுண்டு.

– டிஃபன்பேக்கியா: வெண்புள்ளி இலைகளுடைய நிழற்செடி. கடித்தால் வாயும் நாவும் வீங்கும். மணி பிளான்டும் சிறு அளவில் இவ்வாறே எரிச்சலூட்டும்.

நித்தியகல்யாணி பற்றித் தனியே கூற வேண்டும். இரத்தப் புற்றுநோய்க்கு நாம் வழங்கும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து இச்செடியிலிருந்தே கிடைத்தது. அதனாலேயே இதன் இலையை அரைத்து உண்டால் புற்றுநோயோ நீரிழிவோ தீரும் என்று நம்புவோர் உள்ளனர். மருந்தைப் பிரித்தெடுத்து, எடையிட்டு, குருதி அளவைப் பார்த்துச் செலுத்துவது வேறு. கைப்பிடி இலையை விழுங்குவது வேறு. பின்னது நஞ்சு. பூவுக்காக வளர்க்கலாம், உண்ணலாகாது. கற்றாழையும் அவ்வாறே. தோலை ஒட்டிய மஞ்சள் பால் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

தட்டில் தேங்கும் நீர்

டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டில் தேங்கும் தெளிந்த நீரையே நாடும். தொட்டியின் அடித்தட்டும் மணி பிளான்ட் வைத்த கண்ணாடிப் புட்டியும் அதற்கு ஏற்ற இடங்கள். முட்டை முதிர்ந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். வறண்ட தட்டில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிர்த்திருந்து, நீர் பட்டதும் பொரியும். ஆகவே தட்டு நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை நாரிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டில் மணலை நிரப்பி வைத்தால் நீர் தேங்காது. நலம் விசாரிக்க அளித்த செடி மீண்டும் ஒருவரைக் கட்டிலில் கிடத்திவிடக் கூடாது.

தொட்டியோடு ஒரு சீட்டு

செடியை மட்டும் அளித்தால், பெறுபவர் தவறு செய்துவிடுவோமோ என்று அஞ்சுவார். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் இவ்வாறு எழுதித் தொட்டியில் செருகுங்கள்:

"நான் வெந்தயக்கீரை. மார்கழி 15 அன்று விதைக்கப்பட்டேன். காலை வெயில் போதும். விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் ஒரு குவளை நீர் தாருங்கள், ஈரமாக இருந்தால் வேண்டா. வெள்ளிக்கிழமைதோறும் அடித்தட்டைக் கழுவுங்கள். என்னைத் தொட்ட பின் சோப்பினால் கை கழுவுங்கள். தை 10 அளவில் என்னைப் பறிக்கலாம். நான் வாடிவிட்டால் வருந்தாதீர்கள். அஞ்சறைப் பெட்டியில் என் உடன்பிறந்தோர் உள்ளனர்."

இறுதி வரியை விட்டுவிடாதீர்கள். நோயில் தளர்ந்தவர், செடி வாடியதைத் தம் உடல்நிலைக்கு ஒரு தீய குறியாகக் கொள்ளக்கூடும். வெந்தயக்கீரை ஒரு மாதச் செடி. அறுப்பதற்கே அது வளர்கிறது. மீண்டும் விதைக்கலாம் என்பதை முன்னரே சொல்லி வைப்பது நம் கடமை.

அடுத்த பொங்கலுக்கான மஞ்சள்

இனி மஞ்சள் கொத்துக்கு வருவோம். பொங்கலன்று பானையில் கட்டிய கொத்தினை அவிழ்த்து, இலைகளை நீக்கி, முற்றிய கிழங்குகள் சிலவற்றை நிழலில், காற்றாடும் இடத்தில், உலர்ந்த மணலில் புதைத்து வையுங்கள். வைகாசி அளவில் கிழங்கில் முளைக்கண்கள் புடைக்கும். அப்போது ஒவ்வொரு கண்ணோடும் துண்டாக்கி, அகன்ற வளர்ப்புப் பையில் இரண்டு விரற்கடை ஆழத்தில் நடுக. உப்பில்லாத நீர் தருக. நண்பகல் வெயிலில் சிறிது நிழல் இருப்பின் நன்று. ஏழு, எட்டு மாதங்களில் மஞ்சள் முதிரும். அதாவது, மீண்டும் தை பிறக்கும் வேளையில்.

நீண்ட சிகிச்சையில் இருப்போருக்கு இதைவிடச் சிறந்த பொங்கல் சீர் எமக்குத் தோன்றவில்லை. மருத்துவர் இசைவளித்தோர் தம் கையாலேயே நடலாம். மற்றையோர்க்கு அவர்தம் பிள்ளைகள் நட்டு, நாள்தோறும் வளர்ச்சியைக் கூறலாம். இவ்வாண்டு அவர் வீட்டுப் பானையில் கட்டிய மஞ்சள், அடுத்த ஆண்டும் அவர் வீட்டுப் பானையிலேயே ஏறும். அவ்வேளையில் பச்சை இலையோடு கூடிய கொத்தினை அவர் தம் தங்கைக்கும் அண்டை வீட்டாருக்கும் சீராக அளிக்கட்டும்.

வாசகர் அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள். உங்கள் இல்லத்து நோயாளிக்கு எச்செடி ஏற்றது என்னும் ஐயம் இருப்பின், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மருத்துவரிடமோ செவிலியரிடமோ உணவியல் வல்லுநரிடமோ தயங்காமல் கேளுங்கள்.